சந்தா நின்ற மாதம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிமாருக்கான மாவட்டப் பயிற்சி வகுப்பில் ஒரு தோட்டக் கமிட்டியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நெருக்கடியான காலத்தில் சங்கத்தை எப்படி நடத்துவது என்று பேசச் சொல்லி எங்கள் கமிட்டிக்குக் கடிதம் வந்தது. கமிட்டியில் அதைப் படித்தபோது எங்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "நாம எங்க நடத்துனோம்? சனந்தான் நம்மள இழுத்துக்கிட்டுப் போச்சு" என்றார். அவர் சொன்னது சரி. ஆகவே எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லித்தர நாங்கள் வரவில்லை. எங்கள் தோட்டத்தில் என்ன நடந்தது, நாங்கள் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பதைச் சொல்கிறோம். உங்களுக்கு உதவுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தா விஷயத்திலிருந்து தொடங்குவோம். இங்கே இருக்கிற பலர் வேலையில் சேர்ந்த காலத்திலேயே சந்தா செக்ரோலில்தான் பிடிபட்டது. ஒருமுறை படிவத்தில் கையெழுத்து வைத்தால் போதும். அதற்குப் பிறகு மாதாமாதம் சம்பளச் சீட்டில் ஒரு வரி குறையும். தோட்டக் காரியாலயம் பிடித்து அனுப்பும், தலைமைக் காரியாலயம் வாங்கிக்கொள்ளும். நடுவில் தோட்டத் தலைவருக்கு வேலையே இல்லை. யாரிடமும் போய்க் கை நீட்ட வேண்டாம். யாரும் நம் முகத்தைப் பார்த்து ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். நாங்கள் அதை வசதி என்று நினைத்திருந்தோம்.

2021 மார்ச்சில் 1000 ரூபா சம்பளம் வர்த்தமானியில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கூட்டு ஒப்பந்தத்தில் இழுபட்டுக் கிடந்த சம்பளத்தைச் சம்பள நிர்ணய சபை தீர்மானித்தது. 900 ரூபா நாட் சம்பளம், 100 ரூபா வரவு செலவுத் திட்ட நிவாரணப் படி. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறின. அந்தக் குழப்பத்தில் எங்கள் தோட்டத்திலும் சந்தா பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தமே இல்லாதபோது சந்தா ஏன் பிடிக்க வேண்டும் என்பது காரியாலயத்தின் பேச்சு. சம்பளச் சீட்டில் அந்த வரி காணாமல் போனது. ரசீதுப் புத்தகத்தோடு லயம் லயமாகப் போய்க் கையில் வாங்குங்கள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது.

எங்கள் டிவிசனில் அப்போது பதிவில் 180 அங்கத்தவர்கள். முதல் மாதம் சந்தா கொடுத்தவர்கள் 43 பேர். அந்த 43-ல் கமிட்டிக்காரர்களும் அவர்கள் வீட்டு ஆட்களுமே ஒரு பங்கு. கணக்குப் பார்த்தபோது எங்களுக்குள் யாரும் பேசவில்லை. இத்தனை வருஷமாக 180 பேர் நம் பின்னால் நிற்கிறார்கள் என்று பெரிய துரையிடம் மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறோம். பின்னால் நின்றது 180 கையெழுத்து. ஆட்கள் எப்போதோ விலகிப் போயிருக்கிறார்கள்.

இந்த எண்ணிக்கை வெறும் மானப் பிரச்சினை இல்லை. தொழிலாளரில் 40 வீதத்துக்குக் குறையாத அங்கத்தவர்களைக் கொண்ட சங்கத்தோடு பேச முதலாளி மறுக்கக்கூடாது என்று 1999-ல் கைத்தொழில் பிணக்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த அளவுக்குக் கீழே போனால் பேச வாருங்கள் என்று சட்டத்தைக் காட்டிக் கூப்பிடும் பலம் கையில் இருக்காது. ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் பயந்தது அதற்குத்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். மேல் லயத்தில் ஒரு அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அவர் மலையில் இறங்கினால் நிரையில் மற்றவர்கள் அவரைப் பார்த்துத்தான் கை வைப்பார்கள். எங்களை உட்கார வைத்தார், தேத்தண்ணி கொடுத்தார். பிறகு, "சந்தா குடுக்கிறது பெரிசில்ல தம்பி. 2019-ல வெடி போட்டீங்களே, அந்த வெடிக்கு மட்டும் கணக்குச் சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார்.

உள்ளே படித்துக்கொண்டிருந்த பேத்தி கொப்பியோடு வந்தது. சாதாரண தரம் படிக்கிற பிள்ளை. அது கொப்பியில் எழுதி வைத்திருந்த கணக்கை நாங்கள் அன்றுவரை எழுதிப் பார்த்ததில்லை.

2016 ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித் திறன் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. எல்லாம் சேர்ந்து 730. 2019 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அடிப்படை 700 ஆனது, விலைப் பங்கு 50 ஆனது, மற்ற இரண்டு கொடுப்பனவும் எடுபட்டுப்போயின. மொத்தம் 750. கூடினது 20 ரூபா என்று அப்போதே எல்லோரும் பேசினார்கள். பிள்ளை அதோடு நிற்கவில்லை. சேமலாப நிதிக்குத் தொழிலாளி பங்கு 8 வீதம். 500-க்கு 40 ரூபா, 700-க்கு 56 ரூபா. முன்பு எல்லாக் கொடுப்பனவும் வாங்கிய பாட்டிக்கு ஒரு நாளைக்குக் கையில் வந்தது 690. ஒப்பந்தத்துக்குப் பிறகு 694.

நாலு ரூபா. அதற்குத்தான் கோயில் சந்தியில் வெடி போட்டோம். மாலை வேறு போட்டுக்கொண்டோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எல்லோருக்கும் நாலு ரூபா இல்லை. உடம்பு சரியில்லாமல், பிள்ளையைப் பார்க்க வேண்டி, நாட்கள் குறைந்து, கிலோவும் வராமல் இரண்டு கொடுப்பனவையும் இழந்துகொண்டிருந்தவர்களுக்கு 530 தான் கிடைத்தது. அவர்களுக்கு அது 750 ஆனது. பெரிய கூடுதல். கொடுப்பனவு ஒன்றும் விடாமல் வாங்கினவர்களுக்கு, அதாவது ஒரு நாள் தவறாமல் மலைக்குப் போய்க் கிலோவை முடித்துக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் மிகவும் குறைவாகக் கிடைத்தது. எங்கள் மேல் கோபமாக இருந்தவர்கள் யார் என்று பட்டியல் போட்டுப் பார்த்தோம். தோட்டத்தின் மிகத் திறமையான கொழுந்துக்காரிகள். சங்கத்துக்கு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முன்னால் நின்றவர்கள். இவர்களைத்தான், 'வேறு சங்கத்துக்காரன் தூண்டிவிட்டுப் பேசுகிறார்கள்' என்று நாங்கள் பேசித் திரிந்தோம். எங்களில் ஒருவர் பிரட்டுக்களத்திலேயே அப்படிச் சத்தம் போட்டார். அடுத்த வாரம் இன்னும் பத்துப் பேர் ரசீது வேண்டாம் என்றார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் நல்லதே இல்லையா? இருந்தது. அதுதான் எங்களுக்கு இன்னும் வருத்தம். அடிப்படைச் சம்பளம் 200 ரூபா கூடினால் சேமலாப நிதிக்கு முதலாளி போடும் 12 வீதத்தில் நாளொன்றுக்கு 24 ரூபா கூடும். நம்பிக்கை நிதியின் 3 வீதத்தில் 6 ரூபா கூடும். பணிக்கொடைக்கு ஒரு வருஷ சேவைக்கு 14 நாட் சம்பளம் கணக்கு. 500 ரூபாவுக்கு 7,000. 700 ரூபாவுக்கு 9,800. முப்பது வருஷம் வேலை செய்த ஒருவர் ஓய்வு பெறும்போது 210,000-க்குப் பதிலாக 294,000 வாங்குவார். 84,000 ரூபா வித்தியாசம். இதைக் கணக்கோடு ஒரு லயத்திலாவது உட்கார்ந்து சொன்னோமா? சொல்லவில்லை. இதைச் சொன்னால் மற்றக் கொடுப்பனவுகள் எடுபட்டதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லப் பயந்துகொண்டு 'வெற்றி, வெற்றி' என்றோம். கெட்டதை மறைத்ததால் நல்லதையும் சேர்த்துப் பறிகொடுத்தோம். அந்த அம்மாவிடம் அன்றைக்கு இந்தப் பணிக்கொடைக் கணக்கைச் சொன்னபோது, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் இப்பிடிப் பேசப்போறேன்?" என்று கேட்டார். சந்தா அன்றும் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் கொடுத்தார்.

ஒரு விஷயத்தை இளைய தோழர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். சந்தாவைக் கையில் வாங்குவது புதிய அவமானம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம்முடைய முன்னோர் அப்படித்தான் வாங்கினார்கள். கோ. நடேசய்யர் 1931-ல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தபோது தோட்டத்துக்குள் கால் வைப்பதே குற்றமாக இருந்தது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுப் பாடித்தான் சனத்தைக் கூட்டினார். 1940 ஜனவரியில் முல்லோயாவில் சம்பளம் கேட்டவர்கள் மேல் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் உயிர்விட்டார். சங்கத்தில் சேர்ந்தால் பத்துச்சீட்டு கொடுத்து லயத்தைவிட்டுத் துரத்திய காலத்தில், இருட்டின பிறகு கொடுத்த காசு அது. கொடுத்தவருக்கு வாங்குகிறவரின் முகம் தெரியும், அவர் வீட்டு அடுப்பும் தெரியும்.

அவநம்பிக்கையும் புதிதில்லை. 1948-ல் குடியுரிமை போனது, அடுத்து வாக்குரிமை போனது. 1956-ல் நமக்கென்று இருந்த பெரிய சங்கம் இரண்டாகப் பிளந்தது. ஒரே லயத்தில் ஒரு காம்பரா ஒரு சங்கம், பக்கத்துக் காம்பரா இன்னொரு சங்கம். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கங்கள் நம்மைக் கேட்காமலே எண்ணிப் பிரித்தன. இவ்வளவையும் பார்த்த சனம், மேடையில் ஒருவர் நல்ல செய்தி என்று சொன்னால் உடனே கை தட்டிவிடாது. அது அறியாமை இல்லை. அடிபட்ட அறிவு. தலைவராக வருகிறவர் அதோடு சண்டை போடக்கூடாது. அதைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை என்பதை இன்னொரு விஷயம் காட்டியது. சந்தா மறுத்தவர்களிடம் 2019 பற்றித்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒரு தங்கச்சி எரிச்சலோடு, "தலைவரே, அதெல்லாம் பழங்கதை. மடுவத்துல தராசுல தினமும் போவுதே, அதக் கேக்க மாட்டீங்களா?" என்றது.

கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கழிப்பது உங்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. எங்கள் தோட்டத்தில் 1000 ரூபா வந்த பிறகு கிலோவையும் கூட்டினார்கள், கழிவையும் கூட்டினார்கள். வெயில் காலத்திலும் தண்ணீர்க் கழிவு. பெண்கள் மாதக்கணக்காக முணுமுணுத்திருக்கிறார்கள். எங்கள் காதில் விழவில்லை. ஏன் என்றால் கமிட்டியில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஆண்கள். கவ்வாத்து, மருந்தடிப்பு, ஸ்டோர் வேலை. தராசுப் பக்கமே போகாதவர்கள். சந்தா கொடுப்பதில் பெரும்பகுதி பெண்கள், பேசப் போவது ஆண்கள். 1984 போராட்டத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று ஆனது. கமிட்டியில் அது இன்னும் வரவில்லை. மாதர் தலைவி என்று ஒருவரைப் போட்டு, மகளிர் தினத்துக்கு மேடையில் உட்கார வைப்போம், அவ்வளவுதான். இங்கே வந்திருக்கிற தலைவிமார் சிரிக்கிறீர்கள். உங்கள் தோட்டத்திலும் அப்படித்தான் என்று தெரிகிறது.

அந்தத் தங்கச்சியையும் இன்னொரு அக்காவையும் இரண்டு வாரம் தராசுப் பக்கத்தில் நின்று கொப்பியில் எழுதச் சொன்னோம். ஒவ்வொரு நிறுவைக்கும் தராசு காட்டியது எவ்வளவு, கணக்கப்பிள்ளை எழுதியது எவ்வளவு, அன்றைக்கு மழையா வெயிலா. முதல் மூன்று நாள் கணக்கப்பிள்ளை முறைத்தார். நாலாம் நாளிலிருந்து கழிவு தானாகக் குறைய ஆரம்பித்தது, அதையும் எழுதினார்கள். கொப்பியோடு பெரிய துரையிடம் போனபோது பேசியது அந்த அக்காதான். நாங்கள் பின்னால் நின்றோம். வெயில் நாளில் தண்ணீர்க் கழிவு இல்லை என்று எழுதித் தந்தார்கள். இதற்கு வெடி போடவில்லை. அடுத்த மாதம் சந்தாக் கணக்கு நூறைத் தாண்டியது.

கூட்ட நேரத்தையும் மாற்றினோம். முன்பு மாலை ஆறு மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம். அந்த நேரத்தில் எந்தப் பெண் வர முடியும்? அடுப்பில் உலை இருக்கும். இப்போது சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு காலையில், பிள்ளைக் காம்பராவில். பிள்ளைகள் சத்தம் போடும், பேச்சு பாதியில் நிற்கும். ஆனால் ஆட்கள் வருகிறார்கள்.

இனிக் கணக்கு விஷயம். இதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

வாங்கிய சந்தா எவ்வளவு, தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பியது எவ்வளவு, தோட்டத்தில் செலவு எவ்வளவு என்று மாதாமாதம் ஒரு தாளில் எழுதி பிள்ளைக் காம்பரா சுவரில் ஒட்டுவது என்று தீர்மானித்தோம். தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் 1935-லிருந்து இருக்கிறது. வருஷா வருஷம் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும், அங்கத்தவர் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க இடம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உள்ளது. நாங்கள் செய்தது பெரிய புரட்சி இல்லை. சட்டத்தில் இருந்ததைச் சுவரில் ஒட்டினோம்.

இரண்டாம் மாதத் தாளில் ஒரு வேன் கூலி இருந்தது. தொழில் திணைக்களக் காரியாலயத்துக்கு ஒரு சேமலாப நிதி விஷயமாகப் போய்வந்தது. பார்த்தவர்களில் ஒரு பையன், "அன்னைக்கு அந்த வேன் கல்யாண வீட்டு வாசல்ல நின்னுச்சே" என்றான். விசாரித்தால் உண்மை. எங்கள் கமிட்டித் தோழர் ஒருவர் காரியாலய வேலையை முடித்துவிட்டு, அதே வேனில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் போய்வந்திருக்கிறார். முழுக் கூலியையும் சங்கக் கணக்கில் எழுதியிருக்கிறார். திருடும் எண்ணம் இல்லை, பழக்கம். முன்பெல்லாம் யாரும் கேட்டதில்லை.

எங்களுக்குள் இரண்டு அபிப்பிராயம். வீட்டுக்குள் பேசி முடித்துவிடலாம், வெளியே போனால் சங்கத்தின் பெயர் கெடும் என்று சிலர் சொன்னார்கள். பெயர் ஏற்கனவே கெட்டுத்தான் கிடக்கிறது, இதையும் மறைத்தால் சுவரில் ஒட்டும் தாளுக்கு அர்த்தமே இல்லை என்று மற்றவர்கள். இரவு பத்து மணிவரை பேசினோம். கடைசியில் அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார். பாதிக் கூலியைத் திருப்பிக் கட்டினார். யாரும் அவரைத் திட்டவில்லை. ஒரு பெரியவர், "சொன்னியே, அது போதும்" என்றார். ஆனால் அவர் கமிட்டியை விட்டு விலகிவிட்டார். எத்தனை தடவை கூப்பிட்டும் வரவில்லை. எங்களோடு முன்போலப் பேசுவதும் இல்லை. செக்ரோலைப் பார்த்தவுடனேயே எங்கே அரைப்பேர் விழுந்திருக்கிறது, யாருடைய நாள் விடுபட்டிருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். இன்றைக்கும் சம்பளச் சீட்டில் சிக்கல் வந்தால் அவருடைய குறை தெரிகிறது. நாங்கள் செய்தது சரி என்றுதான் நினைக்கிறோம். அதற்கு விலை இல்லை என்று சொல்லமாட்டோம்.

ஆட்கள் போனதையும் சொல்ல வேண்டும். 180 பேரும் திரும்பி வரவில்லை. சிலர் வேறு சங்கத்துக்குப் போனார்கள், சிலர் எந்தச் சங்கமும் வேண்டாம் என்றார்கள். கொழும்புக்குப் போன பிள்ளைகளின் பெயரை வெட்டினோம். இப்போது எங்கள் டிவிசனில் 131 பேர். ஒவ்வொருவரும் நாங்கள் முகம் பார்த்து வாங்கிய ரசீது. வேறு சங்கத்துக்குப் போனவர்களில் ஒரு அண்ணனுக்குச் சேமலாப நிதிப் படிவத்தில் பெயர் பிழை வந்தது. அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர். நம் தோட்டங்களில் எத்தனை பேரின் பணம் இப்படிச் சிக்கிக் கிடக்கிறது! அவருக்கு நாங்களே கூடப் போய்ச் செய்துகொடுத்தோம். கமிட்டியில் ஒருவர், "அவன் சந்தாவே குடுக்கலியே" என்றார். கேள்வி நியாயமானது. பதில் இன்றுவரை எங்களுக்குள் முடியவில்லை. ஆனாலும் போய்விட்டு வந்தோம்.

2019-ல் செய்ததைத் திருத்திக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் 2024-ல் வந்தது. மே மாதம் 1700 ரூபா என்று வர்த்தமானி. அன்றைக்குப் பக்கத்து டிவிசன்களில் வெடிச்சத்தம் கேட்டது. எங்கள் ஆட்களும் கேட்டார்கள், "தலைவரே, நாம ஏன் சும்மா இருக்கோம்?" என்று. நாங்கள் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். 1350 அடிப்படை, 350 விசேட கொடுப்பனவு. கம்பனிகள் நீதிமன்றம் போகிறார்கள். காசு கைக்கு வரும்வரை இது வெறும் தாள். அவ்வளவுதான் எழுதினோம். ரொம்பப் பேருக்குப் பிடிக்கவில்லை. சங்கத்துக்கு உயிர் இல்லை என்றார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் 1350 என்று தீர்ந்தது. அந்த மாதங்களில் எங்கள் டிவிசனில் ஒருவரும் சங்கத்தை விட்டுப் போகவில்லை. வேறு எங்கே என்ன நடந்தது என்று நாங்கள் பேசப்போவதில்லை. அதே ஆட்கள்தான், அதே சங்கந்தான், ஐந்து வருஷத்துக்கு முன் நாங்களும் வெடி போட்டவர்கள்தான்.

கடைசியாக, இப்போது எங்கள் முன்னால் இருக்கிற விஷயம். இதில் உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டுப் போகத்தான் முக்கியமாக வந்தோம்.

பெரிய துரை கமிட்டியைக் கூப்பிட்டு, மேல் மலைகளைக் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அவரவர் பராமரித்து, கொழுந்து எடுத்து, கிலோவுக்கு விலை வாங்கிக்கொள்ளலாம். பிரட்டுக்களம் இல்லை, பேர் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. காணி உறுதி கிடைக்குமா என்று கேட்டோம். இல்லை, செடியைப் பார்த்துக்கொள்ளும் உரிமை மட்டும். சேமலாப நிதி? அந்த வேலைக்கு இல்லை. உரம், மருந்து? கடனாகக் கொடுத்துக் கொழுந்து விலையில் கழிப்பார்கள். விலையை யார் தீர்மானிப்பது? ஸ்டோர்.

இதை எதிர்க்க வேண்டும் என்று சொல்லிக் கைதட்டு வாங்குவது எங்களுக்குச் சுலபம். ஆனால் எங்கள் அங்கத்தவர்களிலேயே சிலருக்கு இது பிடித்திருக்கிறது. சின்னப் பிள்ளை இருக்கிற தாய்மார், காலை ஏழரைக்குப் பிரட்டுக்கு ஓட வேண்டாம் என்கிறார்கள். கொழும்பிலிருந்து திரும்பி வந்த இரண்டு பையன்கள், எங்களுக்கென்று ஒரு துண்டு மலை கிடைத்தால் இங்கேயே இருப்போம் என்கிறார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்லும் யோக்கியதை எங்களுக்கு இல்லை. ஓய்வுக்கு நாலு வருஷமே இருக்கிற பெரியவர்களோ நடுங்குகிறார்கள். பணிக்கொடை என்னாகும் என்பது அவர்கள் கேள்வி. கமிட்டிக்குள்ளேயே நாங்கள் ஐந்துக்கு நாலாகப் பிரிந்து நிற்கிறோம். இதையும் மறைக்கவில்லை, சுவரில் இருக்கிறது. ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் இழப்பு. சாதாரண தரம் பாஸ் பண்ணிவிட்டு இப்போது உயர்தரம் படிக்கிற அந்தப் பேத்திதான் கணக்குப் போட்டுக் கொடுத்தது. ஒரு குடும்பம் மாதத்துக்கு எத்தனை கிலோ எடுத்தால், கிலோவுக்கு என்ன விலை கிடைத்தால், சேமலாப நிதியும் சேர்த்து 2024-ல் தீர்ந்த 1350 ரூபா நாட் சம்பளத்துக்குச் சமமாகும் என்று மூன்று விதமாகப் போட்டிருக்கிறது. இரண்டு விதத்தில் நட்டம், ஒன்றில் லாபம். அந்த ஒன்று, கொழுந்து விலை வருஷம் முழுவதும் குறையாமல் இருந்தால்.

துரையிடம் நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: கமிட்டி கையெழுத்து வைக்காது, டிவிசன் கூட்டம் முடியட்டும். விலையைத் தீர்மானிக்கும் விதத்தை எழுத்தில் தாருங்கள், செக்ரோலில் தொடர விரும்புகிறவரைக் கட்டாயப்படுத்தமாட்டோம் என்பதையும் எழுத்தில் தாருங்கள். எழுத்தில் இன்னும் எதுவும் வரவில்லை.

உங்கள் தோட்டங்களில் இந்த முறை ஏற்கனவே வந்திருந்தால், கிலோவுக்கு என்ன கொடுக்கிறார்கள், கடனாக எவ்வளவு கழிக்கிறார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் சொல்லுங்கள். சம்பளச் சீட்டோ கொழுந்துச் சீட்டோ கையில் இருந்தால் இன்னும் நல்லது, படம் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் கூட்டம் வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. அதற்கு முன்னால் தாளில் சேர்க்க வேண்டும்.